147-ஆம் உறை

மேட்டுக்கரணைக் கத்தோலிக்கப் பங்கு மக்களுக்கு மூன்று வருடத்துக்கு முன்புவரை தாராளமாக இருக்கத் தெரியாது. கையில் இருந்தால் கொடுத்தார்கள், இல்லாவிட்டால் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மல்லாட்டைக் கடலை நன்றாக விளைந்த வருடம் ஒரு மூட்டையைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, யார் இறக்கியது என்று சொல்லாமலே போய்விட்ட ஆட்களும் உண்டு. இந்த ஒழுங்கீனத்தை நிறுத்துவதற்காக அமைக்கப்பட்டதுதான் தாராள மனப்பான்மை வளர்ச்சிக் குழு.

குழுவின் தலைவர் சவுரிராயன். அரசாங்கக் கருவூலத்தில் முப்பத்துநாலு வருடம் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவர். பணம் உள்ளே வர ஒரு சலான் போதும், வெளியே போக ஒன்பது கையெழுத்து வேண்டும் என்பதை இளம்வயதிலேயே கற்றுக்கொண்டவர். அந்த ஞானத்தை வீணாக்காமல் கோயிலுக்குக் கொண்டுவந்தார்.

குடும்பத்துக்கு ஓர் எண் கொடுத்தார்கள். ஒன்றிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு வரை. பணத்துக்கு மாதம் ஒரு மஞ்சள் உறை. நேரத்துக்கு ஒரு நீல அட்டை. கோயிலுக்கு யார் எத்தனை மணி நேரம் உழைத்தார்கள் என்று அதில் கட்டம் கட்டமாக முத்திரை குத்துவார்கள். காணிக்கைப் பையில் உறை விழும்போது பக்கத்தில் ஒருவர் நோட்டோடு நின்று எண்ணைக் குறித்துக்கொள்வார். உறை போடாத எண்களைப் பூசை முடிந்ததும் மைக்கில் வாசிப்பார்கள். மாதாமாதம் கோயில் வாசலில் ஒரு ஃபிளெக்ஸ் கட்டுவார்கள். மேலே அதிகம் கொடுத்த பத்துக் குடும்பங்களின் பெயர், கீழே குறைவாகக் கொடுத்த பத்துக் குடும்பங்களின் எண். யார் மனமும் புண்படக்கூடாது என்பதால் கீழே பெயர் போடுவதில்லை. எந்த எண் யாருடையது என்பது ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

147 ஆரோக்கியராஜுடையது. பதினான்கு மாதமாகக் கீழ்ப்பட்டியலை விட்டு நகராத எண்.

ஆரோக்கியராஜ் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறவன். அவன் மனைவி இருதயமேரி நூறு நாள் வேலைக்குப் போகிறவள். மகள் அஸ்வினிக்கு விழுப்புரத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. முதல் தவணை நாற்பத்தோராயிரத்து ஐந்நூறு ரூபாய், காலேஜ் பேருக்கு வங்கி டிடியாகத்தான் கொடுக்கவேண்டும், செப்டம்பர் இரண்டாம் திங்கட்கிழமை மாலை நாலு மணி கடைசி. மகளிர் குழுவில் கடன் வாங்கி, சினைக் கிடேரியை ஒலக்கூர் வியாபாரியிடம் விற்று, ஒரு வாரம் முன்னதாகவே டிடி எடுத்துவிட்டார்கள். எடுத்த டிடியை இருதயமேரி பத்திரமாக ஒரு மஞ்சள் உறையில் போட்டு மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள்.

இதில் அவளைக் குறை சொல்ல முடியாது. குழு அச்சடித்ததில் கணக்குத் தவறி, வீட்டுக்குப் பன்னிரண்டுக்குப் பதில் இருபத்துநாலு உறை வந்து சேர்ந்திருந்தது. கெட்டியான தாள். ஊரில் அதைவிட நல்ல கவர் கிடையாது. பீர்க்கன் விதை அதில்தான் இருக்கும், ரேஷன் கார்டு அதில்தான் இருக்கும், அடகுச் சீட்டும் அதில்தான்.

செப்டம்பர் முதல் ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது இருதயமேரி மாதா படத்துக்குப் பின்னால் கைவிட்டு உறையை எடுத்தாள். அங்கே இரண்டு உறை இருந்தது. ஒன்றில் அந்த மாதத்து ஐம்பது ரூபாய் நோட்டு, ஒன்றில் டிடி. இரண்டும் ஒரே கனம்.

மத்தியானம் சாப்பிட்டபின் அஸ்வினி காலேஜ் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தாள். டிடி நம்பர் எழுதவேண்டிய இடம் வந்ததும் உறையைப் பிரித்தாள்.

"அம்மா, டிடி எங்கம்மா?"

"அதுலதான் இருக்குது."

"இதுல அம்பது ரூபா இருக்குது."

இருதயமேரி கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். ஆரோக்கியராஜ் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தான். கோயில் போய்ச் சேருவதற்குள் பித்தானை மாற்றி மாற்றிப் போட்டிருந்தான்.

கோயில் அலுவலகத்தில் எண்ணி முடித்திருந்தார்கள். அவன் தலையைப் பார்த்ததும் சவுரிராயன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டார். போன வாரம்வரை 'வாப்பா, போப்பா' என்றவர் அவர்.

"வாங்க, வாங்க. உங்களப் பத்தித்தான் பேசிக்கினு இருந்தோம்."

"சார், உறை மாறிப்போச்சுங்க. அது எம்பொண்ணு காலேஜுக்கு எடுத்த டிடி."

"பார்த்தோம். காலேஜ் பேருக்குத்தான் எடுத்திருக்கு. பார்த்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. காசு குடுத்தவங்களப் பார்த்திருக்கேன், நெல்லு குடுத்தவங்களப் பார்த்திருக்கேன். பெத்த பொண்ணோட படிப்பையே எடுத்துப் பையில போட்டவங்கள இப்பத்தான் பார்க்கறேன்."

"போடலீங்க சார். தெரியாம மாறிப்போச்சு."

"அப்படித்தான் சொல்வீங்க. பெருமை தேடாதவங்க அப்படித்தான் சொல்வாங்க."

"அத்த வச்சிக்கினு நீங்க காசா மாத்த முடியாதுங்களே."

"முடியாது," என்றார் சவுரிராயன் நிதானமாக. "அதுதான் இதுல விசேஷம். எங்களுக்கும் பிரயோசனம் இல்ல, உங்களுக்கும் பிரயோசனம் இல்ல. கடவுளுக்கு மட்டும்னு ஒரு காணிக்கை இந்தப் பங்குக்கு இதுக்கு முன்னால வந்ததே இல்ல."

செயலாளர் கலைமதி, பி.காம். படித்த பெண், மேசைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் ஏற்கெனவே 147-க்கு நேராக 41,500 என்று எழுதியிருந்தாள். அதோடு சேர்த்துத் திருவிழா வசூல் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஐந்து லட்சம் தாண்டினால், சுற்றியுள்ள பங்குகள் சேர்ந்த மறைவட்டத்திலேயே தாராளமான பங்கு என்ற கேடயம் மேட்டுக்கரணைக்கு. செய்தி வாட்ஸப்பில் மேலிடம்வரை போய், கைகூப்பிய படங்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன.

திரும்பக் கேட்பதற்கும் வழி இருக்கத்தான் செய்தது. புதன்கிழமை குழுக்கூட்டத்தில் மனு கொடுக்கலாம். மனு கொடுக்க நீல அட்டையில் குறைந்தது எட்டு மணி நேர முத்திரை இருக்கவேண்டும். ஆரோக்கியராஜின் அட்டையில் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. போன வருடம் கல்லறைச் சுற்றுச்சுவருக்கு அவன் நாலு நாள் மணல் சுமந்திருந்தான். அந்த நாலு நாளும் முத்திரை மையில் ஈரம் இல்லை.

திங்களும் செவ்வாயும் அவன் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. இரண்டு நாள் கூலி போனது. திங்கட்கிழமை கோயில் கோபுரத்துக்குச் சீரியல் பல்பு கட்டினான். செவ்வாய்க்கிழமை வாசல் வளைவில் ஃபிளெக்ஸ் கட்ட ஏணியில் ஏறச் சொன்னார்கள். மேலே நின்று சுருளைப் பிரித்தபோது உள்ளே அவன் முகம் இருந்தது.

பங்குக் குடும்ப அட்டையிலிருந்து எடுத்த படம். அதை எடுத்த அன்று அவனுக்குக் காய்ச்சல். எட்டடி உயரத்தில் கண் சொருகி நின்றான். 'பெற்ற மகளின் கல்வியையும் பலியாய்த் தந்த பெருந்தகை ஆரோக்கியராஜ் குடும்பத்தாரை வணங்கி மகிழ்கிறோம்' என்று கீழே இருந்தது.

"சார், இது வேணாங்க. பொண்ணு பார்த்தா மனசு உட்டுடும்."

"இன்னும் கொஞ்சம் ஏத்திக் கட்டுங்க," என்றார் கீழே நின்ற சவுரிராயன். "ரோட்டுல போற பஸ்ஸுக்கும் தெரியணும்."

ஏற்றிக் கட்டினான். முத்திரை வேண்டுமே.

அன்று மாலை அஸ்வினி கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அதைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லப்பா," என்றாள். அவளுக்கு நடந்தது எல்லாம் தெரியும். தெரிந்தும் கேட்டாள்.

புதன்கிழமை கூட்டத்தில் மனு பதினோராவது பொருள். முதல் பத்துப் பொருள்களில் கேடயம் வாங்க யார் யார் மேடையேறுவது என்பது மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அந்த டிடி ஏழு உறுப்பினர்களிடமும் கை மாறி வந்தது. பளபளவென்று இருந்தது.

"சார், இது இன்னாங்க சார்?" என்றான் ஆரோக்கியராஜ்.

"லேமினேஷன். பூச்சி அரிச்சிடக் கூடாதுல்ல. திருவிழா முடிஞ்சதும் சட்டம் போட்டுப் பீடத்துக்குப் பக்கத்துல மாட்டறோம்."

அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூலையில் நகம் வைத்து நெருடினான். பிளாஸ்டிக் பிரியவில்லை. கிழித்துவிடுவான் என்று உறுப்பினர் ஒருவர் அதை அவனிடமிருந்து பத்திரமாக வாங்கிக்கொண்டார்.

பந்தல், மைக்செட் வாடகைக்கு விடும் தென்னரசு எழுந்து பேசினார். கோயிலில் உள்ள பன்னிரண்டு மின்விசிறிகளில் ஒன்பதில் அவர் பெயர் இருக்கிறது.

"நான் மனசுல பட்டத பேசறவன். வருஷா வருஷம் குடுக்கறேன், ஃபேன்ல பேரு எழுதலன்னா எனக்கு வயித்தக் கலக்கிடும். இங்க உட்கார்ந்து இருக்கிற எல்லாருமே அப்படித்தான். பேரு வேணாம், புகழ் வேணாம், ஏன், குடுக்கறதே வேணாம்னு குடுத்த ஒரே ஆளு இவருதான். இவருதையும் திருப்பிக் குடுத்துட்டா இந்தப் பங்குல தாராளமானவங்கன்னு நாங்க மட்டும்தான் மிச்சம் இருப்போம். அது நல்லா இருக்காது."

எல்லாரும் தலையாட்டினார்கள். கலைமதி மட்டும் எழுந்து, "சார், டிடிய குடுக்க முடியலன்னா நம்ம கல்வி உதவி நிதியில இருந்து அந்தப் பொண்ணுக்கு ஏதாவது…" என்று இழுத்தாள்.

சவுரிராயன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஏழாம் விதி. கல்வி உதவி ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும். கடந்த ஒரு வருடத்தில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் காணிக்கை கொடுத்த குடும்பம் ஏழைக் குடும்பம் ஆகாது.

"நாப்பத்தோராயிரத்து ஐந்நூறு குடுத்தவரப் போய் ஏழைன்னு எழுதினா, அது அவருக்குத்தான் அவமானம்," என்றார். "என் கை எழுதாது."

மனு நன்றியுடன் ஏற்றுக்கொள்ளப்பட்டுக் கோப்பில் வைக்கப்பட்டது.

வியாழக்கிழமை காலையில் ஆரோக்கியராஜ் திண்டிவனத்தில் டிடி எடுத்த வங்கிக்குப் போனான். கவுன்டரில் இருந்தவர் நல்ல மனிதர். டிடியைக் கொண்டுவந்தால் ரத்து செய்து பணத்தைக் கொடுத்துவிடலாம் என்றார்.

"அது கையில இல்லீங்க."

"தொலைஞ்சுபோச்சா? அப்ப எழுதிக் குடுங்க. பாண்டு பத்திரம் எல்லாம் போட்டு ரெண்டு வாரம் ஆகும்."

"தொலையலீங்க. கோயில்ல இருக்குது."

"யாராவது திருடிட்டாங்களா?"

"இல்லீங்க. பாராட்டிக்கினு இருக்காங்க."

கவுன்டர்காரர் அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார்.

அங்கிருந்து நேரே பங்குச் சாமியாரிடம் போனான். சாமியார் இளம்வயதுக்காரர், ஆறு மாதத்துக்கு முன்னால்தான் மாற்றலாகி வந்திருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு வாசல் கதவைச் சாத்தினார்.

"சாமி, நீங்க ஒரு வார்த்த சொன்னா குடுத்துடுவாங்க."

"சொன்னேன் ஆரோக்கியராஜ். ஞாயித்துக்கிழமையே சொன்னேன். மனுவா எழுதிக் குடுக்கச் சொன்னாங்க." சாமியார் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நீல அட்டையை எடுத்துக் காட்டினார். "எனக்கும் ஒண்ணு குடுத்திருக்காங்க. பூசை வைக்கிற நேரம் இதுல சேராதாம். அது என் கடமையாம். மனு குடுக்க இன்னும் அஞ்சு மணி நேரம் பாக்கி இருக்குது."



வெள்ளிக்கிழமை காலேஜிலிருந்து போன் வந்தது. திங்கள் நாலு மணிக்குப் பணம் வராவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவோம் என்றார்கள். அஸ்வினி "சரிங்க மேடம்" என்று மூன்று முறை சொல்லிவிட்டு போனை வைத்தாள். பிறகு, திண்டிவனம் துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம், திங்கட்கிழமையே போய்க் கேட்டுப் பார்க்கவா என்று அப்பாவைக் கேட்டாள்.

இருதயமேரி மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து அந்த ஐம்பது ரூபாய் நோட்டைக் கையில் வைத்திருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

"இந்த மாசத்து அம்பது இன்னும் குடுக்கலியேங்க," என்றாள் புருஷனிடம்.

"உனக்கு இன்னா பைத்தியமா? அம்மாம் பணம் போயிருக்குது."

"அது தவறிப் போனது. நான் குடுக்கல. குடுக்கறேன்னு மாதாவுக்குச் சொன்னது இதுதான்."

ஆரோக்கியராஜுக்குக் கோபம் வந்தது. ஆனால் யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை திருவிழா. அதற்கென்று குழு சிவப்பு உறை அடித்து, குடும்ப எண்ணோடு வீடுவீடாக ஏற்கெனவே கொடுத்திருந்தது. 'திருவிழாச் சிறப்புக் காணிக்கை. குறைந்தது ரூ.200' என்று உறையிலேயே அச்சாகியிருந்தது. முன்வரிசை நாற்காலிகளில் குழு உறுப்பினர்களும் அவர்கள் வீட்டாரும். மற்றவர்கள் வழக்கம்போல் பாயில்.

பிரசங்கம் முடிந்ததும் ஆரோக்கியராஜைப் பீடத்துக்கு முன்னால் அழைத்தார்கள். தென்னரசு பொன்னாடை போர்த்தினார். சவுரிராயன் பித்தளைப் பூச்சுப் பூசிய கேடயம் ஒன்றைக் கொடுத்தார். நன்றி சொல்ல மூன்று நிமிடம் என்று மைக்கையும் கொடுத்தார்.

அவன் வாழ்க்கையில் மைக் பிடித்ததில்லை. பொன்னாடை நழுவியது. கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டான்.

"நான் தாராளமானவன் இல்லீங்க," என்றான். "எல்லாருக்கும் தெரியும், எங்க நம்பர் கீழதான் இருக்கும். அந்த டிடி எம்பொண்ணு ஃபீசுங்க. எம்பொண்டாட்டி உறைய மாத்தி எடுத்துக்கினு வந்துட்டா. கிடேரிய வித்துக் கட்டின பணம். நாளைக்கு நாலு மணிக்குள்ள கட்டலன்னா சீட்டு போயிடும். பத்து நடை நடந்துட்டேன். மனு குடுத்துட்டேன். வேல செய்யச் சொன்னாங்க, செஞ்சேன். எனக்கு இந்தச் சால்வ வேணாங்க. திருப்பிக் குடுத்துடுங்க, உங்களுக்குப் புண்ணியமா போவும்."

பாயில் உட்கார்ந்திருந்த அஸ்வினி முகத்தை முழங்காலுக்கு நடுவில் புதைத்துக்கொண்டாள்.

சவுரிராயன் மைக்கை மெதுவாக அவன் கையிலிருந்து எடுத்தார்.

"கேட்டீங்களா?" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "கொடுத்ததக் கொடுத்தேன்னு ஒத்துக்கக்கூட மனசு வரல இவருக்கு. தாழ்ச்சின்னா இதுதான். முப்பத்துநாலு வருஷ சர்வீசுல நான் எத்தினியோ பேரு கேட்டுப் பார்த்திருக்கேன், திருப்பிக் குடுங்க, திருப்பிக் குடுங்கன்னு. ஒருத்தருக்கும் குடுத்ததில்ல. ஆனா யாருமே இவர மாதிரி மனசத் தொட்டதில்ல. இவரோட முன்மாதிரியப் பின்பற்றி இப்ப எல்லாரும் சிறப்பு உறையக் காணிக்கையாப் போடுங்க."

முன்வரிசை கைதட்டியது. பாய்கள் தட்டவில்லை.

பாட்டு தொடங்கியது. பை முன்வரிசையைத் தாண்டிப் போனது. குழு உறுப்பினர்கள் அன்று வாங்கும் இடத்தில் இருந்ததால் கொடுக்கும் இடத்தில் இல்லை. பாய்ப் பக்கம் பை வந்து சேர வழக்கத்தைவிட நேரமானது. பின்வரிசையில் இருந்த மலர்விழி, 147-க்குப் பக்கத்து வீட்டுக்காரி, குனிந்து பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். பெண்கள் எல்லாரும் தலையைக் குனிந்து மடியில் கையை வைத்துக்கொண்டிருந்தார்கள். உருகிச் செபிக்கிறார்கள் என்று சவுரிராயனுக்குத் தோன்றியது. பிறகு ஒவ்வொருவராக உறையை ஒட்டிப் பையில் போட்டார்கள். நோட்டோடு நின்றவருக்குக் குறிக்கக் கை ஓயவில்லை. நூற்றெண்பத்தொன்பது உறை. பங்கு வரலாற்றில் ஒரே பூசையில் அத்தனை உறை விழுந்ததில்லை. பை நிரம்பி, இன்னொரு பை கொண்டுவந்தார்கள்.

வீட்டுக்குப் போன ஆரோக்கியராஜ் கேடயத்தை மூலையில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நாளை நாலு மணி என்றால் ஒரே ஒரு நாள்தான் மிச்சம்.

முதலில் மலர்விழி வந்தாள். நின்றபடியே இருநூறு ரூபாயை இருதயமேரியின் கையில் திணித்தாள். அவள் திரும்பும்முன் இன்னொருத்தி வந்தாள். அதற்குப் பிறகு வாசலில் செருப்பு விட இடமில்லை. சிலர் நூறு, சிலர் ஐந்நூறு, பெரும்பாலும் இருநூறு. யாரும் உட்காரவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. திருவிழாச் சோறு ஆறிவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஆரோக்கியராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அஸ்வினியின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பேனாவைத் தேடினான். யார் யார் எவ்வளவு என்று குறித்துவைத்தால்தானே திருப்பிக் கொடுக்க முடியும்.

"இன்னா எழுதற?" என்றாள் மலர்விழி.

"பேருதான். மறந்துடுவேனே."

"எழுதாத அண்ணா. பேரு எழுதறதுக்குத்தான் அங்க ஏழு பேரு இருக்காங்களே."

திங்கட்கிழமை காலையில் அவனும் அஸ்வினியும் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நின்றார்கள். இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் குறைந்தது. திண்டிவனம் மார்க்கெட்டில் மேஸ்திரி கோதண்டபாணி மூட்டை தூக்குகிறவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். பத்து நிமிடத்தில் தலைத்துண்டில் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். வங்கிக் கவுன்டரில் அதே ஆள்தான்.

"தொலைஞ்ச டிடி கிடைச்சிடுச்சா?"

"அது தொலையவே இல்லீங்களே. இது வேற."

டிடி கைக்கு வரும்போது மத்தியானம் ஒன்றரை மணி. விழுப்புரம் பஸ் வழியில் ஒரு பாலத்து வேலையில் முக்கால் மணி நேரம் நின்றது. அஸ்வினி உறை எதுவும் இல்லாமல் அந்தத் தாளை உள்ளங்கையில் அப்படியே பிடித்திருந்தாள். அப்பா கேட்டும் கொடுக்கவில்லை. காலேஜ் கவுன்டர் முன் போய் நின்றபோது மணி மூன்று ஐம்பது.

அதே மூன்று ஐம்பதுக்கு மேட்டுக்கரணைக் கோயில் அலுவலகத்தில் திருவிழா உறைகளைப் பிரிக்க உட்கார்ந்தார்கள். கலைமதி கிழிக்க, தென்னரசு எண்ண, சவுரிராயன் எழுத என்று ஏற்பாடு. உறைகளை எண் வரிசைப்படி அடுக்கியிருந்தார்கள்.

முதல் உறையில் ஒன்றும் இல்லை. மறந்திருப்பார்கள் என்றார் சவுரிராயன். அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். இருபது உறை கிழித்தபோது தென்னரசு விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார். ஐம்பது கிழித்தபோது யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கலைமதி மட்டும் ஒரே சீராகக் கிழித்துக்கொண்டே போனாள். நூறு தாண்டியது. ஒவ்வொரு உறையும் ஒழுங்காக ஒட்டப்பட்டு, ஒழுங்காகக் காலியாக இருந்தது.

147-இல் ஓர் ஐம்பது ரூபாய் நோட்டு இருந்தது.

அதற்குப் பிறகும் முடிவுவரை கிழித்தார்கள். விதி அப்படி. மொத்தம் நூற்றெண்பத்தொன்பது உறை, ஐம்பது ரூபாய்.

சவுரிராயன் பேனாவை மூடி வைத்தார். வசூலையும் உறைகளின் எண்ணிக்கையையும் மேலிடத்துக்கு நேற்றே சொல்லியாகிவிட்டது. வாழ்த்தும் வந்துவிட்டது.

"சார், ஃபிளெக்ஸ்ல இன்னா போடறது?" என்று கேட்டாள் கலைமதி. "காணிக்கை எண்ணின மறுநாள் பட்டியல் கட்டணும். நாலாம் விதி. நீங்க எழுதினதுதான்."

முப்பத்துநாலு வருடம் விதியை மீறாதவர் சவுரிராயன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் ஏணி போட்டிருந்தது. மேலே ஆரோக்கியராஜ். திருவிழா மாதத்துக்கு நீல அட்டையில் பத்து மணி நேரம் வேண்டும், அவனுடையதில் எட்டுதான் என்று அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். சுருளைப் பிரித்தான். 'திருவிழாச் சிறப்புக் காணிக்கை. முதலிடம்: ஆரோக்கியராஜ், இருதயமேரி குடும்பம், ரூ.50' என்று இருந்தது. இரண்டாம் இடத்திலிருந்து பத்தாம் இடம் வரை வரிசை எண் மட்டும் போட்டு எதிரே வெள்ளையாக விட்டிருந்தார்கள்.

ரோட்டில் நூறு நாள் வேலை முடிந்து மண்வெட்டியோடு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். இருதயமேரியும் அவர்களில் இருந்தாள். பஸ் ஒன்றும் வேகத்தைக் குறைத்தது.

"கொஞ்சம் கீழ இறக்கிக் கட்டுப்பா," என்றார் சவுரிராயன் கீழேயிருந்து.

ஆரோக்கியராஜ் கயிற்றை இன்னொரு சுற்று சுற்றி, பல்லால் இழுத்து முடி போட்டான்.

"ஏத்திக் கட்டிட்டேங்க சார்," என்றான்.